வண்டியிலிருந்து இறங்கிய செம்மறிகள்

நான் போய்ச் சேர்ந்தபோது பாதி மந்தை வண்டியில் ஏறியிருந்தது.

கேளம்பாக்கத்தில் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பி, புதிய அடுக்குமாடிகளைத் தாண்டினால், இன்னும் சில காலிமனைகள் மிச்சமிருக்கும் ஒரு தெரு வரும். அதன் கோடியில் தேவகியின் வீடு. மாடி அறைகளில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். கீழே தேவகி. பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டகையில் செம்மறி ஆடுகள்.

அந்தக் கோடைக் காலையில் வாசலில் ஒரு குட்டி யானை நின்றுகொண்டிருந்தது. சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தேவகியின் கொழுந்தன் ஏகாம்பரம் ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, பம்மலிலிருந்து வந்திருந்த வியாபாரி காதர் பாய் மேலே நின்று வாங்கிக்கொண்டிருந்தார். ஆடுகள் கத்தவில்லை. வண்டியில் ஏற்றும்போது ஆடு கத்தவில்லை என்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

தேவகி மாடிப்படிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். காலையில் எனக்கு போன் செய்தது அவர்தான்.

"மேடம், ஏகாம்பரம் வண்டி கூப்ட்டுட்டான். வர்றதுன்னா இப்பவே வாங்க."

அவ்வளவுதான் சொன்னார். வண்டியை நிறுத்தச் சொல்கிறாரா, இத்தனை வருடம் பார்த்த ஆடுகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாக பஸ்ஸில் வரும்போதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வண்டியின் ஓரத்தில் நின்ற ஒரு பெட்டை ஆட்டின் மூக்கைச் சுற்றிச் சளி கெட்டியாகக் காய்ந்திருந்தது. கண்ணோரம் பீளை. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு முழுவதும் ஈரத் தவிட்டை அப்பியதுபோல ஒரு படலம். அதிலிருந்து வந்த நாற்றத்தை முன்பும் பல ஊர்களில் முகர்ந்திருக்கிறேன்.

"இதுக்கு மேல ஏத்தாதீங்க," என்றேன்.

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். கையில் பிடித்திருந்த ஆட்டை விடவில்லை.

எந்த டாக்டர்?

இந்த இடத்தில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்திரிகையின் சென்ற இதழில் மாடுகளைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்த குரோம்பேட்டை வாசகர் ஒருவர், "நாட்டு இனங்களுக்கு நோயே வராதாமே, அப்புறம் உங்களுக்கெல்லாம் என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் தேவகியின் கொட்டகையில்தான் இருக்கிறது. அங்கே நான் எப்படிப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர். மகள் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய அன்றாட ஜெபத்தில் தவறாமல் இடம்பெற்ற ஒரு வரி. "கர்த்தர் கேட்டார், ஆனா கொஞ்சம் காதுல சரியா விழல போலிருக்கு," என்று அம்மா சொல்வார். மனித மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை. கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்தது.

அப்பா சபையில் எல்லோரிடமும், "எஸ்தர் டாக்டருக்குப் படிக்கிறா," என்று மட்டும் சொல்லி வைத்தார். எந்த டாக்டர் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அதன் பலனை நான் அனுபவித்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஆர்மோனியம் வாசிக்கும் சாலமோன் அங்கிள் என்னை நிறுத்தி, முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார்.

"அங்கிள், நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன்," என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "சரிம்மா, மாட்டுக்கு முழங்கால் வலிச்சா என்ன குடுப்பீங்க?" என்றார்.

படிப்பு முடிந்து சில வருடங்கள் ஊசியும் கையுமாகத் திரிந்தேன். பிறகு ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே கொட்டகை, ஒரே மேய்ச்சல், ஒரே மழை. ஒரு ஆடு இளைத்துச் சாகிறது. அதற்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் ஆடு ஒன்றும் நடக்காததுபோல அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. ஏன் இப்படி? மரபியல் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனது இந்தக் கேள்விதான். இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சீக்கிரமே வேலையை விட்டிருப்பேன்.

கீழிமை

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரையிலும், கிழக்கே கடலோரம் வரையிலும் ஊர்களில் காணப்படும் செம்மறி பெரும்பாலும் ஒரே இனம். செங்கல் நிறம், குட்டை முடி. உடம்பில் கம்பளி கிடையாது. பாடப் புத்தகத்தில் சென்னைச் சிவப்பு என்று போட்டிருக்கும். தேவகியிடம் முதன்முறை அந்தப் பெயரைச் சொன்னபோது, "ஆட்டுக்கு அட்ரஸ் வேற குடுத்துட்டாங்களா?" என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் செம்மறிகளுக்குப் பெரிய எதிரி குடற்புழு. வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். கட்டைவிரலால் ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் போதும். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செய்து செய்து அது கைப்பழக்கமாகிவிட்டது. என் மகன் சின்னவனாக இருந்தபோது, பள்ளியிலிருந்து வாடிய முகத்தோடு வந்தால் அவன் கீழிமையையும் இழுத்துப் பார்ப்பேன். "அம்மா, நான் ஆடு இல்ல," என்று கையைத் தட்டிவிடுவான். என் கணவர் ஜெயசீலன் கணக்கு வாத்தியார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே என் கண்ணையும் இழுத்துப் பாத்திருப்பா. பக்கத்துல மாமா உக்காந்திருந்ததால தப்பிச்சேன்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

தேவகியின் மந்தையில் ஒரு விசேஷம் இருந்தது. சில ஆடுகளுக்கு எந்த மழைக்குப் பிறகும் கீழிமை வெளுக்கவில்லை. அவற்றின் பெண் குட்டிகளுக்கும் அப்படியே. அந்தக் குட்டிகளின் குட்டிகளுக்கும் அப்படியே. புழுவைத் தாங்கும் ஏதோ ஒன்று அந்த வழியில் இறங்கிக்கொண்டிருந்தது. காதில் எண் வில்லை மாட்டி, வருடா வருடம் ரத்தம் எடுத்து, எந்த மரபணுவில் அது இருக்கிறது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருந்தோம். அது தெரிந்துவிட்டால், பிறந்த குட்டியிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தே நல்ல கிடாயைத் தேர்ந்தெடுத்து விடலாம். புழு மருந்துச் செலவும் சாவும் குறையும்.

வஞ்சிரமா?

ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துத் தாம்பரம் கொண்டுவர வேண்டும். அலுவலக ஜீப் கிடைத்தால் ஜீப். பெரும்பாலும் கிடைக்காது. ஒருநாள் கோவளத்தில் ஆடு வளர்க்கும் ஒருவர் வீட்டில் வேலையை முடித்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பெட்டியையே பார்த்தார்.

"வஞ்சிரமா?"

"இல்லம்மா."

"எறாவா? நல்லா ஐஸ் போட்டு வெச்சிகிறீங்களே. எவ்ளோக்கு வாங்குனீங்க?"

"ரத்தம்மா," என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அந்த வரிசையில் இருந்த எல்லோரும் இறங்கி வேறு ஆட்டோ பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். மீதி வழி முழுவதும் ஆட்டு மரபியலை அவருக்கு விளக்கிக்கொண்டு போனேன். இறங்கும்போது, "இனிமே மீன்னே சொல்லிடுங்க மேடம்," என்றார்.

நினைக்கிறீங்களா, தெரியுமா?

இனி வண்டிக்குத் திரும்பலாம்.

நடந்தது இதுதான். பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் வெளியூர்ச் சந்தை ஒன்றிலிருந்து உயரமான கிடாய்கள் சிலவற்றை வாங்கிவந்து, அண்ணியின் மந்தையோடு விட்டிருந்தார். அதில் ஒன்றுக்கு வந்தபோதே மூக்கு ஒழுகியது. வண்டியில் வந்த களைப்பு என்று நினைத்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். சில நாளில் குட்டிகள் கழிய ஆரம்பித்தன. பிறகு பெரிய ஆடுகள் தீனியை விட்டு ஒதுங்கின. சாவதற்குள் விற்றுவிடலாம் என்று ஏகாம்பரம் பாய்க்கு போன் போட்டார்.

"இது ஆட்டுக்கொல்லியா இருக்கும்னு நெனைக்கிறேன்," என்றேன்.

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?" என்றார் ஏகாம்பரம்.

"டெஸ்ட் பண்ணினாதான் நிச்சயமா சொல்ல முடியும். நாளைக்குத் தெரிஞ்சிடும்."

"அப்ப தெரியாமலே வண்டிய நிறுத்துறீங்க."

அவர் சொன்னது சரி. கையில் சான்று இல்லாமல் பேசாதே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் நாளைக் காலை சான்று வரும்போது இந்த ஆடுகள் எந்தச் சந்தையில் எந்த ஆட்டோடு உரசிக்கொண்டு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டுக்கொல்லி மனிதருக்கு வராது. ஆடுகளுக்குள் மூச்சுக் காற்றிலேயே பரவும். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. முன்கூட்டித் தடுப்பூசி போட்டிருந்தால் தப்பிக்கலாம். தேவகியின் ஆடுகளுக்குப் போடவில்லை. ஊசி போட்டால் சினை கலைந்துவிடும் என்று அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு. முந்தைய வருட முகாமுக்கு யாருமே ஆடுகளை ஓட்டி வரவில்லை.

"உங்க ஆராய்ச்சிக்கு ஆடு வோணும் மேடம். அதான் விசயம்," என்றார் ஏகாம்பரம். "நாங்க நஷ்டப்பட்டா உங்களுக்கின்னா?"

அது சுருக்கென்று தைத்தது. அதில் பாதி உண்மை இருந்தது.

அதற்குள் காதர் பாய் வண்டியிலிருந்து கீழே குதித்து இறங்கிவிட்டார். "இது ஒட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"மூச்சுலயே ஒட்டும் பாய்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போன வாரம் இங்கேர்ந்து கொஞ்சம் ஏத்திகினு போனேன். பம்மல்ல என் ஷெட்டுல வேற ஊரு ஆட்டோட நின்னுகினு கீது. பண்டிகைக்கு விக்காதத அவனவன் திரும்பவும் ஊருக்கு ஓட்டிகினு பூடுவான்." துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஏகாம்பரம், நான் ஏத்தலப்பா," என்றார்.

"நீ இல்லன்னா இன்னொரு வண்டி."

அப்போதுதான் தேவகி முதல்முறையாக வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. இது உங்க ஆராய்ச்சி ஆடு இல்லாம, எவனோ வூட்டு ஆடுன்னா, அப்பவும் வண்டிய நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவேன். ஆனா என் ஆராய்ச்சிக்கும் இந்த ஆடுங்க வேணும், அதையும் மறைக்கல. இங்க வெச்சாலும் கொஞ்சம் செத்துதான் போகும். எத்தனை பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அனுப்பினா, இந்த நோய் எத்தனை கொட்டகைக்குப் போகும்னும் சொல்ல முடியாது."

தேவகி வண்டியைப் பார்த்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார்.

"ஏத்தினத எறக்கு," என்றார்.

"அண்ணி..."

"எறக்குன்னு சொன்னேன். உங்க அண்ணன் இருந்திருந்தாலும் இதான் சொல்லியிருப்பாரு."

அவருடைய கணவர் இறந்து சில வருடங்களாகியிருந்தன. ஏகாம்பரம் வண்டியின் பின்பக்கம் போனார். ஆடுகளை இறக்கினார். ஒவ்வொன்றையும் கொஞ்சம் பலமாகவே தரையில் வைத்தார்.

பம்மலில் ஒரு பூட்டு

ஆடுகளின் மூக்கிலிருந்து பஞ்சில் சளி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதே குட்டி யானையில் காதர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பம்மலுக்குப் போனேன். பல்லாவரம் தாண்டியதும் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பழைய நெடி லேசாக வந்தது. பதனிடும் தொழிற்சாலைகள் பல போய்விட்டாலும், காற்று இன்னும் அதை முழுதாக மறக்கவில்லை.

ஷெட்டில் பல ஊர் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. தேவகி வீட்டிலிருந்து வந்தவற்றை அவரே பிரித்துக் காட்டினார். அதில் ஒன்றுக்கு மூக்கு ஈரமாக இருந்தது.

"இதுவுமா?" என்றார்.

"ஆமாம்னுதான் தோணுது பாய்."

அவர் வெளியே போய் ஷெட் கதவைச் சாத்தினார். ஒரு பூட்டைக் கொண்டுவந்து மாட்டினார். பண்டிகை நெருங்கும் நேரம். அவருடைய ஒரு வருடப் பிழைப்பே அந்தச் சில நாட்களில்தான்.

"பாய், பண்டிகை..."

"நோயாளி ஆட்ட குர்பானி குடுக்கக் கூடாதும்மா. தெரிஞ்சே நான் எப்டி விக்கிறது? பண்டிகை வருசா வருசம் வரும்." பிறகு சாவியை மடித்த லுங்கியில் செருகிக்கொண்டு, "டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

மறுநாள் முற்பகல் ஆய்வுக்கூடத்திலிருந்து என் சக ஊழியர் அழைத்து, ஆட்டுக்கொல்லிதான் என்று உறுதிப்படுத்தினார். சந்தோஷப்படக்கூடிய செய்தி இல்லை. ஆனாலும் நான் நாற்காலியில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டேன். வண்டியை நிறுத்தியது தவறில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதி வந்ததற்காக அடுத்த கணமே வெட்கமாகவும் இருந்தது.

அன்றே அரசுக் கால்நடை மருத்துவர்கள் சுற்றுப்பட்ட ஊர்களுக்குத் தடுப்பூசியோடு கிளம்பினார்கள். இம்முறை ஆடுகளைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போனார்கள். சிலர் கொட்டகையைத் திறந்தார்கள். சிலர் திறக்கவில்லை.

கஞ்சி

தேவகியின் கொட்டகையில் செய்ய வேண்டியதெல்லாம் பழைய வேலைதான். நோயுற்றவற்றைத் தனியாகக் கட்டுவது. வாய்ப்புண்ணைக் கழுவி மருந்து தடவுவது. நுரையீரலில் சீழ் பிடிக்காமலிருக்க ஊசி. கழிச்சலில் வற்றிப்போகாமலிருக்க உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். விழுங்க முடியாதவற்றுக்குக் கேழ்வரகுக் கஞ்சியை ஆறவைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. மரபணுவைப் படிக்கிற விஞ்ஞானிக்கு அங்கே மரபணுவால் ஒரு உபயோகமும் இல்லை.

குட்டிகள்தான் முதலில் செத்தன. சினையாயிருந்த ஆடுகளில் பலவற்றுக்குக் கலைந்தது. காலிமனை ஒன்றில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபிகாரர், கேட்காமலே வந்து கொட்டகைக்குப் பின்னால் ஆழமாக ஒரு குழி தோண்டிக் கொடுத்தார். சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தோம். ஏகாம்பரம்தான் ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு போனார். அந்த நாட்களில் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை.

கீழிமை வெளுக்காத அந்த வழியில் வந்த ஆடுகளில் மூத்தது ஒன்று. என் ஆராய்ச்சிக்கு அதைவிட முக்கியமான ஆடு கிடையாது. அதுவும் செத்தது. புழுவைத் தாங்கும் ரத்தம் இந்தக் கிருமியைத் தாங்கவில்லை. குரோம்பேட்டை வாசகருக்கு என் பதில் இதுதான். நாட்டு ஆட்டுக்கும் நோய் வரும். ஒன்றைத் தாங்குவது இன்னொன்றில் விழும். எந்த இனத்துக்கும் எல்லாவற்றிலிருந்தும் காப்பு என்று எதுவும் எழுதி வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் தேவகி குழாயடியில் கையை நெடுநேரம் கழுவினார். சோப்பு தீர்ந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"வண்டியில ஏத்தி வுட்டிருந்தா எங்கியோ செத்திருக்கும். இப்ப என் கண்ணு முன்னாடி சாவுது."

"ஆமா," என்றேன்.

"நீங்க சொல்லித்தான் எறக்கினேன்."

"தெரியும்."

நானும் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். எல்லாமே செத்துவிட்டால் இந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயமாக இருந்தது.

சற்றுப் பொறுத்து அவரே கேட்டார். "நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன்."

"அப்ப கஞ்சி கொஞ்சம் அதிகமா காய்ச்சி வெக்கிறேன்," என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை நான் போனபோது மாடியில் குடியிருக்கும் நிவேதா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். ஈரோட்டுப் பெண். ஆட்டு வாடைக்காகத் தேவகியிடம் அடிக்கடி சண்டை போடுகிறவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "மேடம், எனக்கு பதினோரு மணிக்குத்தான் லாகின். அதுவரைக்கும் ஏதாவது பண்ணட்டுமா?" என்றாள். ஒரு சிரிஞ்சைக் கையில் கொடுத்தேன்.

முதல் நாள் கஞ்சி பாதி அவள் சட்டையில் போயிற்று. மூன்றாவது ஆட்டுக்கு வருவதற்குள் பழகிவிட்டாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பெண்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருநாள் கம்பெனியின் ஆன்லைன் கூட்டம் சீக்கிரமே தொடங்கிவிட, நிவேதா காதில் ஹெட்செட்டோடு கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை வாயே திறக்காமலிருந்த ஒரு கிடாய்க்குட்டி அந்த நேரம் பார்த்து ஓங்கிக் கத்தியது. அவள் மைக்கை அணைத்து வைக்கவில்லை.

"சார், அது... பேக்ரவுண்ட் நாய்ஸ் சார்," என்று அவள் சமாளிக்க, தேவகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கொட்டகையில் நாள்கணக்கில் யாரும் சிரித்திருக்கவில்லை. எனக்கோ அந்தக் குட்டி கத்தியதுதான் பெரிதாகப் பட்டது. கத்துகிற அளவுக்கு அதற்குத் தெம்பு வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஏதோ மாறியிருப்பதுபோல் தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. நின்று கேட்டேன். மெல்லிய, ஈரமான ஒரு சத்தம் மூலைக்கு மூலை வந்துகொண்டிருந்தது. ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

தேவகி என் பின்னால் வந்து நின்றார். "ராத்திரி வெச்ச கடலைக்கொடி காலி," என்றார். தீனித் தொட்டியைக் காட்டினார். "ஒரு காம்பு மிச்சமில்ல."

மழைக்குப் பிறகு

பெரும்பாதி மந்தை பிழைத்தது. பம்மலில் காதர் பாயின் ஷெட்டிலும் சில செத்தன, ஆனால் நோய் அந்தப் பூட்டைத் தாண்டவில்லை. ஊசிக்குக் கொட்டகையைத் திறந்த வீடுகளில் ஆடுகள் தப்பின. திறக்காத வீடுகளில் ஒன்றிரண்டு கொட்டகைகள் காலியாயின.

ஐப்பசியில் வழக்கம்போல மழை கொட்டியது. முடிச்சூர் பக்கம் தெருக்களில் தண்ணீர் நின்றது. நோயில் இளைத்துத் தேறிய ஆடுகளைக் குடற்புழு வந்து முடித்துவிடும் என்று எனக்கு உள்ளூரப் பயம். தண்ணீர் வடிந்ததும் கேளம்பாக்கம் போனேன். ஒவ்வொன்றாகக் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். நான் தேடிய வழியில் மூத்தது போய்விட்டது. ஆனால் அதன் மகளும், அந்த மகள் ஈன்ற கிடாய்க்குட்டியும் நின்றிருந்தன. கூட்டத்தில் கத்தி நிவேதாவை மாட்டிவிட்ட அதே குட்டிதான். இரண்டின் இமையும் மாதுளை முத்துபோலச் சிவந்திருந்தது.

இன்று அந்தக் கிடாயின் பிள்ளைகள் வண்டலூரிலிருந்து கோவளம் வரை பல மந்தைகளில் இருக்கின்றன. அதன் விந்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் உறைய வைத்திருக்கிறோம். அந்த உருளையின் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் தவழும். ஒருமுறை தேவகியை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "நான் கண்ண மூடினப்புறமும் இது இருக்குமா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிய பிறகும் இருக்கும் என்றேன். "அப்ப சரி," என்றார்.

முகாம்

அடுத்த ஆண்டு, பக்ரீத்துக்கு நெடுநாள் முன்பே, கேளம்பாக்கத்தில் தடுப்பூசி முகாம் வைத்தோம். சாலையோரக் காலிமனையில் ஒரு பந்தல். எதிரே கண்ணாடிக் கட்டடம். நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. மேசையில் ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டோம். தேவகியின் ஆடுகள் முதலில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போயின.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

எட்டு மணி ஆயிற்று. வெயில் ஏறியது. சினை கலையும் என்ற பேச்சு இன்னும் சாகவில்லை என்று அரசு மருத்துவர் சொன்னார். இந்தத் தடுப்பூசியை ஒருமுறை குளிரிலிருந்து எடுத்துக் கரைத்துவிட்டால் வெகுநேரம் வைத்திருக்க முடியாது. மீதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று அவர் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றேன். நம்பிக்கையில் சொல்லவில்லை. எழுந்துகொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதை நெருங்கும்போது சாலையில் ஒரே ஹார்ன் சத்தம். ஏதோ விபத்து என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஏகாம்பரம் நடுச்சாலையில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பெனி பஸ்களும் கார்களும் வரிசை கட்டி நின்றன. அவருக்குப் பின்னால், செங்கல் நிறத்தில், சாலையின் முழு அகலத்துக்கும் செம்மறிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டு மந்தை இல்லை. எதிர்ப்புறத்து ஊர்களின் மந்தைகள் எல்லாம் சேர்ந்து வந்தன. பஸ்ஸுக்குள்ளிருந்து கம்பெனிப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரம் வியர்த்து வழிய என்னிடம் வந்தார். போன வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகப் பேசியது அன்றுதான்.

"ஊசி போடுங்கன்னு வூடு வூடா போய்ச் சொன்னேன் மேடம். எவன் கேக்குறான்? அப்பால அல்லாரையும் கூட்டிகினு போயி எங்க கொட்டாய் பின்னாடி அந்தக் குழியக் காட்டுனேன். நான் வாங்கியாந்த கெடாயால ஆனதுன்னு சொன்னேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. சாலையின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மேசையைக் காட்டினார்.

"ஆரம்பிங்க மேடம், ஐஸ் உருகிடப் போவுது. பின்னாடி இன்னும் வந்துகினு கீது."